தட்டியில் இல்லாத முகங்கள்

ஐ.ஐ.டி.க்கும் மருத்துவக் கல்லூரிக்கும் எத்தனை பேர் போனார்கள் என்பதே அரசுப் பள்ளிகளின் தரத்துக்கு அளவுகோலாகிவிட்டது. அந்த எண் எதைச் சொல்கிறது? எதை மறைக்கிறது?

2020 நவம்பர் 18. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் மருத்துவப் படிப்புக்கான கலந்தாய்வு தொடங்கியது. கொரோனா காலம்; எல்லோர் முகத்திலும் கவசம். முதலில் அழைக்கப்பட்டவர்கள் அரசுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள். 313 எம்.பி.பி.எஸ். இடங்களும் 92 பல் மருத்துவ இடங்களும் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. 'நீட்' தேர்வு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த 2017 முதல் 2019 வரை, மருத்துவம் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. அதிலிருந்து ஒரே பாய்ச்சலில் நூற்றுக்கணக்கு.

மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களின் எண்ணிக்கைதான் பள்ளியின் தரத்துக்கு அளவுகோல் என்றால், தமிழக அரசுப் பள்ளிகள் அந்த ஓராண்டில் பல மடங்கு முன்னேறிவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆண்டு மார்ச் மாதம் பூட்டிய பள்ளிகள் கலந்தாய்வு நடந்த அன்றும் பூட்டித்தான் கிடந்தன. புதிய ஆய்வுக்கூடம் வரவில்லை, பாடம் நடத்தும் முறை மாறவில்லை. மாறியது சட்டம். நீதிபதி கலையரசன் ஆணையம் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 7.5 சதவீதத்துக்கு மசோதா நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதல் தாமதமானதால் அக்டோபர் 29 அன்று அரசாணையே போட்டார்கள். மறுநாள் ஒப்புதலும் வந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது.

ஒதுக்கீடு தேவையா என்பது இங்கே கேள்வி அல்ல. தேவைதான். அடைத்திருந்த கதவைத் திறந்த சட்டம் அது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள் கட்டணம் கட்ட வழியின்றித் தவித்தபோது, கட்டணத்தையும் அரசே ஏற்க வேண்டியிருந்தது. ஆனால் கதவைத் திறப்பது ஒன்று, பள்ளிக்கூடம் நன்றாக இருப்பது வேறொன்று. இந்த இரண்டையும் ஒரே எண்ணால் அளக்கிற பழக்கம்தான் இப்போது நாடு முழுவதும் பரவியிருக்கிறது.

தேர்வு முடிவுகள் வரும் பருவத்தில் எந்த ஊர் கடைத்தெருவுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். தனியார் பள்ளிகளும் கோச்சிங் சென்டர்களும் ஃபிளெக்ஸ் தட்டி கட்டுவது பழைய கதை. பாஸ்போர்ட் படங்களும், கீழே மதிப்பெண்ணும், நடுவில் தாளாளரின் பெரிய படமும். (தாளாளர் என்ன தேர்வு எழுதினார் என்று யாரும் கேட்பதில்லை.) மாநில அரசுகளும் அதே பாணியில் தட்டி கட்ட ஆரம்பித்திருப்பதுதான் புதுக்கதை. இத்தனை பேர் ஜே.இ.இ., இத்தனை பேர் நீட், இத்தனை பேர் ஐ.ஐ.டி. என்று சட்டமன்றத்தில் வாசிக்கிறார்கள், நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் தருகிறார்கள்.

தில்லியைப் பாருங்கள். 2025 பிப்ரவரி வரை அங்கே ஆண்ட ஆம் ஆத்மி அரசு, அரசுப் பள்ளி மாணவர்களில் நீட் 'தேர்ச்சி' பெற்றவர்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் பெருமையோடு அறிவித்தது. 2020-ல் 569. 2023-ல் 1,074. நல்ல எண்ணிக்கைதான், சந்தேகமில்லை. ஆனால் நீட்டில் 'தேர்ச்சி' என்பதற்கு என்ன அர்த்தம்? பொதுப் பிரிவு மாணவர், தேர்வு எழுதியவர்களில் சரிபாதிப் பேரை முந்தினால் தேர்ச்சி. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு நூற்றுக்கு நாற்பது பேரை முந்தினால் போதும். 2024-ல் 23 லட்சம் பேர் எழுதினார்கள், 13 லட்சம் பேர் தேர்ச்சி பெற்றார்கள். நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 1.1 லட்சம். தேர்ச்சி பெற்ற பன்னிரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இடம். அதிலும் அரசுக் கல்லூரி இடம் ஏறக்குறைய பாதி. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டும். 'தேர்ச்சி' என்ற சொல்லைக் கேட்டதும் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும் நம் மனதில் வந்துவிடுகின்றன. அறிவிப்பவர்களுக்கும் அதுதான் வேண்டும்.

எண் உண்மையாகவே இருந்தாலும் அடுத்த கேள்வி வருகிறது: அந்தப் பிள்ளை எங்கிருந்து வந்தது?

அரசுப் பள்ளிகளின் பெருமைக்கு எடுத்துக்காட்டாக எப்போதும் சொல்லப்படுபவை ஜவஹர் நவோதயா வித்யாலயாக்கள். ராஜீவ் காந்தி காலத்தில், 1985-86-ல் ஹரியாணாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் தொடங்கி, இன்று 650-க்கும் மேற்பட்ட பள்ளிகள். (இந்தி மொழிப் பிரச்சினையால் தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை.) உண்டு உறைவிடப் பள்ளிகள், முக்கால்வாசி இடங்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. இவற்றிலிருந்து ஐ.ஐ.டி.க்குப் போகிறவர்களின் எண்ணிக்கை எந்தப் பணக்காரத் தனியார் பள்ளியையும் பொறாமைப்பட வைக்கும். ஆனால் இங்கே ஆறாம் வகுப்பில் சேரவே தேர்வு எழுத வேண்டும். ஒரு மாவட்டப் பள்ளியில் ஆண்டுக்கு எண்பது இடம். நாடு முழுவதும் விண்ணப்பிப்பவர்களோ லட்சக்கணக்கில். அப்படி வடிகட்டி எடுத்த பிள்ளைகளில் கெட்டிக்காரர்களை மோனிஷ் பப்ராய் தம்பதியர் 2007-ல் தொடங்கிய 'தக்ஷணா' அறக்கட்டளை இன்னொரு தேர்வு வைத்துப் பொறுக்கியெடுக்கிறது. அவர்களுக்கு ஜே.இ.இ.க்கும் நீட்டுக்கும் தனிப் பயிற்சி தருகிறது. இரண்டு முறை சலித்த மாவில் கல் இருக்காது; அதற்காக, சலித்தவர் நல்ல விவசாயி என்று யாரும் சொல்வதில்லையே!

அறக்கட்டளை செய்வதும் நவோதயா செய்வதும் நல்ல காரியம். ஏழைப் பிள்ளை ஒருவன் கரையேறுவதை யார் குறை சொல்ல முடியும்? பாட்னாவில் ஆனந்த் குமார் 2002-ல் 'சூப்பர் 30' தொடங்கியபோது, முப்பது பேரைத் தேர்ந்தெடுத்துத் தங்கவைத்து, சாப்பாடு போட்டுப் படிக்கவைப்பதாகத்தான் சொன்னார். பீகாரின் பள்ளிக் கல்வி இதனால் உயர்ந்துவிட்டது என்று அல்ல. முப்பது பேருக்குச் செய்வதை முப்பது லட்சம் பேருக்குச் செய்ததாகக் காட்ட முற்படும்போதுதான் சிக்கல்.

சலித்தெடுப்பதால் வரும் பலன் எவ்வளவு, பள்ளி தரும் பலன் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியுமா? அமெரிக்காவில் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கின் ஸ்டைவசன்ட், பாஸ்டனின் லத்தீன் பள்ளி ஆகியவை நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள். ஹார்வர்டுக்கும் எம்.ஐ.டி.க்கும் பிள்ளைகளை அனுப்புவதில் பேர்போனவை. அவற்றில் இடம் கிடைக்கப் பெற்றோர் என்ன பாடுபடுகிறார்கள் என்பதைக் கோட்டாவுக்குப் பிள்ளையை அனுப்பிய எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பாதக், அதிலா அப்துல்காதிரோக்லு என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் எளிமையான ஒரு காரியம் செய்தார்கள். கட் ஆஃப் மதிப்பெண்ணை மயிரிழையில் தாண்டி உள்ளே போன பிள்ளைகளையும், மயிரிழையில் தவறவிட்டு வேறு பள்ளிக்குப் போன பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். இரு சாராரும் சேரும்போது ஏறக்குறைய ஒரே தரத்தவர்கள். பள்ளிதான் மந்திரம் செய்கிறது என்றால், சில ஆண்டுகளில் உள்ளே போனவர்கள் வெகுதூரம் முன்னே போயிருக்க வேண்டும். போகவில்லை. பிற்பாடு எழுதிய தேர்வுகளிலும் சேர்ந்த கல்லூரிகளிலும் வித்தியாசம் மிகக் குறைவு. அந்தக் கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பிலேயே 'மாயை' என்ற பொருள்படும் சொல் இருக்கிறது. ஆங்ரிஸ்ட்டுக்கு 2021-ல் பொருளியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எல்லைக்கோட்டில் நின்ற பிள்ளைகளைப் பற்றிய முடிவு இது; எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் பெயர்ப் பலகையைப் பார்த்துப் பள்ளியை எடைபோடும் பெற்றோர் கொஞ்சம் நிதானிக்க இது போதும்.

நம் நாட்டில் இன்னொரு குழப்பம் உண்டு. பிள்ளை ஐ.ஐ.டி.க்கோ மருத்துவக் கல்லூரிக்கோ போனால் அந்தப் பெருமை யாருக்கு? பள்ளிக்கா, கோச்சிங் சென்டருக்கா? 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கலான விவரம் நீதிபதிகளையே அசர வைத்தது. அந்த ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில், தனிப் பயிற்சி இல்லாமல் நீட் எழுதிச் சேர்ந்தவர்கள் 48 பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அப்படியானால் பள்ளி வாசலில் தொங்கும் தட்டியில் இருப்பது யாருடைய உழைப்பு?

வட இந்தியாவில் இதை இன்னும் வெளிப்படையாகவே செய்கிறார்கள். பெயர் ஒரு பள்ளியில், படிப்பு கோச்சிங் சென்டரில். 'டம்மி ஸ்கூல்' என்றே அதற்குப் பெயர். சி.பி.எஸ்.இ. திடீர்ச் சோதனை நடத்தி, 2024 நவம்பரில் தில்லியிலும் ராஜஸ்தானிலும் 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. ஒரே ரேங்க் மாணவரின் படத்தை இரண்டு மூன்று நிறுவனங்கள் தம்முடையதென்று போட்டுக்கொள்வதும் சகஜம். அதே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இத்தகைய விளம்பரங்களுக்கு விதிமுறை வகுக்க வேண்டியதாயிற்று.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே சூடுபட்ட அனுபவம் இருக்கிறது. 2007 முதல் 2016 வரை நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வழி. ஆகவே கட் ஆஃபில் எத்தனை பேர் 200-க்கு 200 என்பதே பள்ளியின் தரம் என்றானது. நாமக்கல் வட்டாரத்துத் தங்கிப் படிக்கும் பள்ளிகள் கொடிகட்டிப் பறந்தன. முட்டைக்குப் பேர்போன ஊர் என்பதால் 'பிராய்லர் பள்ளிகள்' என்றே ஜனங்கள் பெயர் வைத்தார்கள். வெற்றியின் சூத்திரம் ரொம்ப சுலபம்: பிளஸ் ஒன் பாடத்தைத் தொடுவதே இல்லை. இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள். புத்தகத்தின் ஒவ்வொரு வரியும் மனப்பாடம், வாரம் முழுக்கத் தேர்வு. மாநில ரேங்குகள் அந்தப் பக்கம் குவிந்தன.

அரசே அந்த அளவுகோலை ஒப்புக்கொண்டது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த ஆதிதிராவிட மாணவர்களைப் பேர்பெற்ற தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்த்து, கட்டணத்தை அரசு கட்டும் திட்டம் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அது நன்மைதான். ஆனால் பத்தாண்டுகள் எழுத்தறிவித்த அரசுப் பள்ளி ஆசிரியருக்குத் தன் சிறந்த மாணவர் கைவிட்டுப் போனார். ரேங்க் வந்தபோது தனியார் பள்ளியின் தட்டியில் படம் ஏறியது.

பிறகு என்ன நடந்தது? மதிப்பெண்களைக் குவித்தவர்கள் பொறியியல் கல்லூரிக்குப் போய் முதலாண்டுக் கணக்கிலேயே திணறினார்கள். பிளஸ் ஒன்னில் படித்திருக்க வேண்டிய அடிப்படை இல்லை. 2017 மே மாதம் அரசு மாநில ரேங்க் அறிவிப்பதையே நிறுத்தியது. அந்தக் கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. நோக்கம், பாடத்தைத் தாண்டிக் குதிப்பதைத் தடுப்பது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, மாணவர்களின் சுமையைக் குறைப்பதற்காக அந்தப் பொதுத் தேர்வை எடுத்துவிட்டது. பழைய வித்தை திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் இனி கல்வித் துறை அதிகாரிகள்தான்.

இப்போது தமிழக அரசு மாவட்டந்தோறும் மாதிரிப் பள்ளிகளை நடத்துகிறது. அரசுப் பள்ளிகளில் ஆர்வமும் திறமையும் காட்டும் பிள்ளைகளைச் சேர்த்து, விடுதியில் தங்கவைத்து, பெரிய கல்வி நிறுவனங்களுக்குத் தயார் செய்கிறார்கள். ஐ.ஐ.டி., தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் என்று பெயரே கேட்டிராத குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் அங்கே போகிறார்கள். மனம் நிறையும் காட்சி. ஆனால் அந்த வெற்றியை 'அரசுப் பள்ளிகளின் வெற்றி' என்று மொத்தமாகச் சொல்லும்போது, அந்தப் பிள்ளை விட்டுவந்த ஊர்ப் பள்ளியைப் பற்றிய பேச்சு நின்றுபோகிறது. அங்கே இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறதா? கெட்டிக்காரப் பிள்ளை போன பிறகு வகுப்பு எப்படி இருக்கிறது? மாநில எண்ணிக்கை ஏறினாலும் அந்தப் பள்ளி இருந்த இடத்திலேயே இருக்கலாம். கீழேயும் போகலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இந்த அளவுகோல் நிற்காது. ஐ.ஐ.டி.கள் 23, மொத்த இடங்கள் சுமார் 18 ஆயிரம். நாட்டில் அரசுப் பள்ளிகள் மட்டுமே பத்து லட்சத்துக்கு மேல். சராசரி மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்குப் பல ஆண்டுகளில் ஒருவர் போனாலே அதிசயம். ஓர் ஆண்டு ஒருவர், அடுத்த மூன்று ஆண்டுகள் பூஜ்யம் என்றால் பள்ளி கெட்டுவிட்டதா? கெட்டிக்காரப் பெண் ஒருத்தியின் குடும்பம் வேலை தேடித் திருப்பூருக்குக் குடிபெயர்ந்திருக்கலாம், அவ்வளவுதான். உயிரியல் பிரிவே இல்லாத பள்ளியிலிருந்து யாரும் மருத்துவம் போக முடியாது. தில்லி அரசுப் பள்ளிகள் பலவற்றில் பிளஸ் டூ அறிவியல் பிரிவே கிடையாது என்பது வெகுநாள் புகார்.

இந்த எண்ணின் பின்னால் மறைவது சாமானியமான விஷயம் அல்ல. அதே தில்லியில் 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தோல்வி. ஒன்பதிலேயே நின்றுபோகிற பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சிக் கணக்கில் வருவதில்லை. நீட் கணக்கில் வரும் பேச்சே இல்லை. வாசலிலேயே கழித்துவிட்டால் கடைசியில் நிற்பவர்களின் சதவீதம் அழகாகத்தான் இருக்கும். நாட்டின் கிராமங்களில் வீடுவீடாகப் போய் எடுக்கப்படும் 'அசர்' கணக்கெடுப்பு, 2024-ல் அரசுப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 44.8 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிகிறது என்றது. இரண்டாண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இது தேவலை. இந்தச் சிறு ஏற்றத்துக்கு எங்கோ ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை தொண்டை வறளக் கத்தியிருக்கிறார். அவருக்கு யாரும் தட்டி கட்டவில்லை.

அப்படியானால் ஐ.ஐ.டி., மருத்துவக் கல்லூரி எண்ணிக்கையைக் குப்பையில் போட்டுவிடலாமா? கூடாது. லட்சக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலிருந்து ஒற்றை இலக்கத்தில்தான் மருத்துவர்கள் வருகிறார்கள் என்று 2019-ல் தெரிந்ததால்தான் 7.5 சதவீதச் சட்டமே வந்தது. வாய்ப்பு யாருக்குப் போய்ச் சேருகிறது என்று மாநில அளவில் பார்க்க அது கூர்மையான எண். ஒரு பள்ளி நல்லதா, ஓர் ஆசிரியர் உழைக்கிறாரா என்று கேட்டால் மட்டும் அது பதில் சொல்லாது.

வேறு எப்படி அளப்பது? இங்கிலாந்தில் 2016-ல் ஒரு முறை கொண்டுவந்தார்கள். பிள்ளை தொடக்கப் பள்ளியை முடித்தபோது எங்கே இருந்தது, பதினாறு வயதில் எட்டுப் பாடங்களில் எங்கே வந்திருக்கிறது என்று கணக்கிட்டு, அதே நிலையில் தொடங்கிய மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடுவது. கடைசிப் பெஞ்சுப் பிள்ளை முன்னேறினாலும் பள்ளிக்கு மதிப்பெண் உண்டு. அதிலும் குறை இல்லாமல் இல்லை. வறுமையான பகுதிப் பள்ளிகளுக்கு அது நியாயம் செய்வதில்லை என்று அங்கேயே சண்டை போடுகிறார்கள். ஆனால் பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்வியை அது கேட்கிறது.

இங்கே அதற்கு விவரம் இல்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் 'எமிஸ்' எண் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த அறுபது பேரில் எத்தனை பேர் பிளஸ் டூ முடித்தார்கள், எத்தனை பேர் ஏதோ ஒரு கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தார்கள், எத்தனை பெண் பிள்ளைகள் கல்யாணத்துக்காக நின்றார்கள் என்று பள்ளிவாரியாகப் பின்தொடர முடியும். பெரும்பாலான தலைமை ஆசிரியர்களின் அறைச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கும். ஆண்டுவாரியாகத் தேர்வு எழுதியவர், தேர்ச்சி பெற்றவர், சதவீதம் என்று வெள்ளைப் பெயின்ட்டில் கட்டம் போட்டிருக்கும். அந்தப் பிள்ளைகளோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று இன்னொரு கட்டம் சேர்க்க அரசாணைகூடத் தேவையில்லை.